ஏழாம் வகுப்புக்கு வந்ததும் பிள்ளைகள் ஏன் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுகிறார்கள்?

கேள்வி: உசிலைத் தமிழாசிரியை

வணக்கம். உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். ஒன்று முதல் எட்டு வரை ஒரே வளாகம். எங்கள் பிள்ளைகளில் பலர் விடியுமுன் மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறித்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறவர்கள். முதல் பாடவேளையில் கண் சொருகுகிறவர்களை அதட்ட மனம் வராது.

என் கேள்வி வாசிப்பைப் பற்றியது. நான்காம், ஐந்தாம் வகுப்பில் கதைப் புத்தகத்துக்கு அடித்துக்கொள்கிற பிள்ளைகள், ஏழாம் வகுப்பில் புத்தகத்தை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். வாரம் ஒரு நூலகப் பாடவேளை இருக்கிறது. அரசின் வாசிப்பு இயக்கம் தருகிற நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைப் புத்தகங்களும் (நுழைதான் மிக எளிய நிலை) தேன்சிட்டு மாணவர் இதழும் பள்ளியில் உள்ளன. அவற்றில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இதோடு பள்ளி அளவில் ஒரு வாசிப்புப் போட்டியும் நடத்துகிறோம். படித்த புத்தகத்தின் பெயர், ஆசிரியர் பெயர், பக்க எண்ணிக்கை, பிடித்த வரி, கதைச் சுருக்கம் இவற்றை ஒரு நோட்டில் எழுத வேண்டும். புத்தகத்துக்கு ஒரு நட்சத்திரம். மாதக் கடைசியில் அதிக நட்சத்திரம் பெற்றவருக்குக் காலை இறைவணக்கக் கூட்டத்தில் சான்றிதழும் பேனாவும் கொடுக்கிறோம்.

ஆறாம் வகுப்பில் இது ஓரளவு நடக்கிறது. ஏழில் முதல் வரிசையில் இருக்கும் நான்கைந்து பெண் பிள்ளைகள் எல்லா நட்சத்திரங்களையும் வாங்கிவிடுகிறார்கள். மற்றவர்கள் ‘எப்படியும் அவளுக்குத்தான் கிடைக்கும்’ என்று ஒதுங்கிக்கொண்டார்கள். கதைச் சுருக்கத்தைத் திருத்த உட்கார்ந்தால் பின்னட்டையில் இருப்பது அப்படியே இருக்கிறது. மெல்லிய புத்தகத்துக்குத்தான் கிராக்கி. அரையாண்டுத் தேர்வை ஒட்டிப் போட்டியை நிறுத்தி வைத்தோம். அந்த நான்கைந்து பெண்களும் அன்றோடு புத்தகம் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். நன்றாக வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் அவர்கள். அதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

இன்னொரு பையன் இருக்கிறான். மாட்டின் கொம்பையும் திமிலையும் பற்றிப் பேசத் தொடங்கினால் வகுப்பே வாய் மூடிக் கேட்கும். அலங்காநல்லூரில் எந்த ஊர் மாடு எப்படிப் பாய்ந்தது என்று வரிசையாகச் சொல்வான். ஆனால் நூலகப் பாடவேளையில் ஒரே பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு முழு நேரமும் உட்கார்ந்திருப்பான். சத்தமாக வாசிக்கச் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போக வேண்டும் என்பான். ஒருநாள் ‘நுழை’ நிலைப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தேன். வாங்கி, அட்டை தெரியாதபடி கவிழ்த்து மேசையில் வைத்தான். எந்தப் புத்தகம் எந்த நிலை என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் ஆசிரியர்களில் சிலர் எல்லாவற்றுக்கும் கைப்பேசிதான் காரணம் என்கிறார்கள். பரிசைப் பெரிதாக்கினால் சரியாகும் என்பது தலைமையாசிரியரின் கருத்து. இந்த வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

பதில் 1: மேலூர் அறிவியல் ஆசிரியர்

டீச்சர், வணக்கம். மேலூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். வாசிப்பு தமிழாசிரியரின் பொறுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒளிச்சேர்க்கையை வாயால் கேட்டால் அருமையாக விளக்குகிற பையன், கேள்வித்தாளில் அதே கேள்வியை வாசிக்க முடியாமல் வெற்றுத் தாளைக் கொடுத்துவிட்டுப் போவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

உங்கள் மாட்டுக்காரப் பையனிலிருந்து தொடங்குகிறேன். அவனுக்கு ஆர்வம் இல்லை என்று நான் நம்பவில்லை. அவனுக்குச் சரளமாக வாசிக்க வரவில்லை. அது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதற்கே அவன் புத்தி முழுவதும் செலவாகிறது. பன்னிரண்டு வயதில் சோம்பேறி என்று பெயர் எடுப்பதைப் பையன்கள் பொறுத்துக்கொள்வார்கள். இன்னும் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறான் என்ற பெயரைப் பொறுக்க மாட்டார்கள். தண்ணீர் குடிக்கப் போவதும், அட்டையைக் கவிழ்ப்பதும் மானத்தைக் காத்துக்கொள்கிற வேலை.

இந்தப் பிள்ளைகள் எப்போது பள்ளிக்கு வந்தார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. எழுத்தும் சொல்லும் கையில் படிய வேண்டிய ஒன்றாம், இரண்டாம் வகுப்பை வீட்டிலேயே கழித்த பிள்ளைகள்தான் இப்போது நம் நடுநிலை வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாடப்புத்தகம் மட்டும் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை.

ஒருநாள் அவனைத் தனியே, யாரும் இல்லாத இடத்தில், பக்கத்தில் உட்காரவைத்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே தடுக்குகிறான் என்று கவனியுங்கள். என் வகுப்பில் ஒரு பெண் ‘மாடு வந்தது’ என்பதைத் தடையில்லாமல் வாசிப்பாள். ‘வந்துகொண்டிருந்தபோதெல்லாம்’ என்று வந்தால், ‘வந்து’ வரை வாசித்துவிட்டு மீதியை ஊகத்தில் ‘வந்தான்’ என்று முடித்துவிடுவாள். எழுத்துகள் எல்லாம் அவளுக்குத் தெரியும். நீண்ட சொல்லை எங்கே வெட்டிப் பிரிப்பது என்று தெரியவில்லை. தமிழில் காலம், இடம், எண் எல்லாம் வினையோடு ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக நீள்கின்றன. சின்ன வகுப்புப் பாடங்களில் சொற்கள் குட்டையாக இருக்கும். மேலே போகப் போகச் சொல்லும் வாக்கியமும் நீள்கின்றன, புணர்ச்சியும் வந்து சேர்கிறது. வீட்டில் பேசுகிற தமிழுக்கும் அச்சில் இருக்கிற தமிழுக்கும் உள்ள தூரம் வேறு. அமெரிக்காவில் ஜீன் சால் என்ற கல்வி ஆய்வாளர் 1983இல் வாசிப்பின் படிநிலைகளை வகுத்துச் சொன்னார். முதல் மூன்று வகுப்புகள் வரை பிள்ளை வாசிக்கக் கற்கிறது, அதற்குப் பிறகு கற்பதற்காக வாசிக்க வேண்டியிருக்கிறது, அந்தத் திருப்பத்தில்தான் பலர் பின்தங்குகிறார்கள் என்பது அவர் கண்டது. நம் ஊரில் அந்தத் திருப்பம் ஆறாம் வகுப்பில் வெளிச்சத்துக்கு வருகிறது என்பது என் எண்ணம்.

இனி, நாங்கள் செய்வது. உங்கள் பள்ளியிலும் ஒன்றாம் வகுப்பிலிருந்து இருப்பதால் இது கட்டாயம் முடியும். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் எங்கள் ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டாம் வகுப்புக்குப் போய்க் கதை வாசித்துக் காட்டுகிறார்கள். பெரியவர் ஒருவருக்குச் சின்னவர் ஒருவர் அல்லது இருவர். வாரத் தொடக்கத்திலேயே கதையைத் தேர்ந்தெடுத்து ஒத்திகை பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போது ‘நுழை’ நிலைப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பதில் கூச்சமே இல்லை. அது தனக்கு இல்லை, அந்தச் சின்னவனுக்கு. ஏழாம் வகுப்பில் வாயே திறக்காத ஒருவன் காகத்துக்கு ஒரு குரல், நரிக்கு ஒரு குரல் என்று மாற்றி வாசித்துக்கொண்டிருந்தான். எதிரில் இருந்த வாண்டு முடிந்ததும் புத்தகத்தைப் பிடுங்கி முதல் பக்கத்தைத் திருப்பி, ‘மறுபடியும் வாசி அண்ணா’ என்றது. அவன் மறுபடியும் வாசித்தான். அதற்குப் பிறகும் விடவில்லை. ஒரே கதையைப் பலமுறை வாசிப்பதுதான் சரளம் வருவதற்கு வழி. பெரிய வகுப்பில் அதைச் சொன்னால் தண்டனையாகத் தெரியும். சின்னவன் கேட்டால் அன்பாகத் தெரிகிறது.

மேலூர் வட்டாரத்தில் மாங்குளம் இருக்கிறது. மீனாட்சிபுரம் மலைக்குகையில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வருகிற, தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டுகள் உள்ளன. 1882இல் ராபர்ட் சீவெல் கண்டெடுத்தவை. பிள்ளைகளை அங்கே அழைத்துப் போவதற்கு முன்பு தமிழி எழுத்து அட்டவணை ஒன்றைக் கையில் கொடுத்து, அவரவர் பெயரை எழுதிப் பார்க்கச் சொன்னேன். முதல் மதிப்பெண் வாங்குகிற பெண்ணும் கடைசி வரிசைப் பையனும் ஒன்றுபோல ஒவ்வோர் எழுத்தாகத் தேடினார்கள். எழுத்துக் கூட்டி வாசிப்பது அங்கே யாருக்கும் கேவலமாக இல்லை, எல்லோருமே அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். திரும்பி வந்த பிறகு, வழக்கமாகப் புத்தகம் தொடாத சிலர் கல்வெட்டுகளைப் பற்றிய சிறு நூலைக் கேட்டு வாங்கிப் போனார்கள். உங்களுக்குக் கீழடி அருங்காட்சியகம் இருக்கிறது. 2023 மார்ச்சில் திறந்தது. பானை ஓட்டில் ‘ஆதன்’ என்று கீறியிருப்பதைத் தானாக வாசித்துவிட்ட பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

பரிசைப் பற்றி: 1973இல் அமெரிக்காவில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவர் ஒரு மழலையர் பள்ளியில் ஆய்வு செய்தார்கள். வண்ணப் பேனாவால் படம் வரைவதை ஏற்கெனவே விரும்பிய குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவுக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு வரைந்து முடித்தபின் எதிர்பாராமல் சான்றிதழ் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு ஒன்றுமில்லை. சில நாள் கழித்து, விரும்பியதைச் செய்யும் நேரத்தில் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த குழுதான் மற்றவர்களைவிட மிகக் குறைந்த நேரம் பேனாவைத் தொட்டது. எதிர்பாராமல் பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. உங்கள் முதல் வரிசைப் பெண்களுக்கு நேர்ந்தது இதுதான் என்று நினைக்கிறேன். முன்பு கதைக்காகப் படித்தார்கள். பிறகு நட்சத்திரத்துக்காகப் படித்தார்கள். நட்சத்திரம் நின்றதும் காரணமும் நின்றுபோனது.

ஆகவே பரிசைப் பெரிதாக்க வேண்டாம் டீச்சர். அந்த நோட்டையும் ஒரு பருவத்துக்கு ஓரமாக வைத்துப் பாருங்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருமங்கலம்

மேலூர் நண்பர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவது அருமையான முறை. ஆனால் பரிசையே ஒழித்துவிட வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டில் யாரும் பள்ளிப் படிப்பை முடிக்காத குடும்பத்துப் பெண் இறைவணக்கக் கூட்டத்தில் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறாள். அந்த ஒரு நிமிடத்துக்காக அவள் அப்பா வேலைக்குப் போகாமல் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து பள்ளி வாசலில் நிற்கிறார். இதை நான் பார்த்திருக்கிறேன். ஆய்வுகளில் வரும் மழலையர் வேறு, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வேறு. பரிசு கொடுங்கள். எண்ணிக்கைக்குக் கொடுக்காதீர்கள். பேனாவும் ஜாமெட்ரி பாக்ஸும் கொடுக்காதீர்கள். அந்தப் பிள்ளையே தேர்ந்தெடுத்த ஒரு புத்தகத்தை, தன் பெயர் எழுதி வைத்துக்கொள்ளும்படி சொந்தமாகக் கொடுங்கள். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் பாடப்புத்தகம் தவிர வேறு அச்சடித்த புத்தகமே கிடையாது. தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது பள்ளி மேலாண்மைக் குழுவிடம் சொல்லி நன்கொடை திரட்டி, பிள்ளைகளை அங்கே கூட்டிப் போய் அவர்கள் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள்.

எதை வாசிக்கலாம் என்பதில் ஆசிரியர்கள் கொஞ்சம் கையைத் தளர்த்த வேண்டும். நான் பையனாக இருந்த காலத்தில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியது. 1972. திருமங்கலத்தில் ஒரு பெட்டிக்கடைக்காரர் அவற்றைக் கயிற்றில் தொங்கவிட்டு நாள் வாடகைக்குக் கொடுப்பார். கடைக்கு எதிரே திண்ணையில் உட்கார்ந்து படித்து முடித்து அங்கேயே திருப்பிக் கொடுத்தால் வாடகை குறைவு. எங்கள் தமிழய்யா அதைப் பார்த்தால் காதைத் திருகுவார். ஆனால் வேகமாக வாசிக்கும் பழக்கம் எனக்கு அந்தத் திண்ணையில்தான் வந்தது. சீக்கிரம் முடித்தால்தான் அடுத்ததை எடுக்க முடியும். படக்கதை, விளையாட்டுப் பக்கம், சல்லிக்கட்டு விழா நோட்டீஸ், கபடிப் போட்டிச் சுவரொட்டி எல்லாமே வாசிப்புதான். மாட்டுக்காரப் பையனிடம் அவன் ஊர் விழா நோட்டீஸைக் கொண்டுவரச் சொல்லுங்கள். விழாக் குழுவினர் பெயர் முழுவதையும் தடுக்காமல் வாசிப்பான், பாருங்கள். எல்லோரும் அவனுக்குத் தெரிந்தவர்கள்.

இன்னொன்றும் உண்டு. நூலகப் பாடவேளையை நூலகத்துக்கே விட்டுவைக்க வேண்டும். கணக்கு முடியவில்லை, அறிவியல் முடியவில்லை என்று முதலில் காவு போகிறது அந்தப் பாடவேளைதான். தலைமையாசிரியர் அதில் பிடிவாதமாக நிற்காவிட்டால் எந்த முறையும் தேறாது.

பதில் 3: செல்லூர், ஒரு தாய்

நான் ஆசிரியை இல்லை. செல்லூரில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். மகள் ஏழாம் வகுப்பு, ஒரு தனியார் பள்ளியில் படிக்கிறாள். அவர்கள் பள்ளியிலும் வாசிப்புத் திட்டம் இருக்கிறது. தினமும் இருபது நிமிடம் வாசித்ததாக அட்டையில் எழுதிப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு நான் பிளவுஸுக்கு ஹூக் வைத்துக்கொண்டிருக்கும்போது அவள் அட்டையை நீட்டுவாள். வாசித்தாயா என்று கேட்டால் அழுகை, கேட்காமல் போட்டால் எனக்கு மனசாட்சி உறுத்தும். வீட்டில் தினமும் இதே சண்டை.

அவளுடைய அத்தை ஊரிலிருந்து வந்தபோது பழைய சிறுவர் மலர் இதழ்கள் ஒரு கட்டு கொண்டுவந்தார். அன்று மின்சாரம் இல்லை, மிஷின் ஓடவில்லை. ‘எனக்கு ஒரு கதை வாசியேன், கைவேலையாவது பார்க்கிறேன்’ என்றேன். அன்றிலிருந்து காஜா எடுக்கும் நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வாசிக்கிறாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எனக்குப் புரியாத இடத்தில் அவள் விளக்கிச் சொல்கிறாள். கதையில் ஒருவன் செய்தது சரியா தவறா என்று இருவரும் வாதாடுகிறோம். டீச்சர், பிள்ளைகளிடம் ‘அம்மாவுக்கு, ஆத்தாவுக்கு வாசித்துக் காட்டு’ என்று சொல்லி அனுப்புங்கள். பூக்கட்டுகிற வீடுகளில் கைதான் வேலையாக இருக்கும், காது சும்மாதான் இருக்கும்.

பதில் 4: கிளை நூலகர், மதுரை

நூலகத் துறையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். பள்ளிகளுக்குப் போகும்போது நான் முதலில் கேட்பது, புத்தகம் எங்கே இருக்கிறது என்பதைத்தான். பெரும்பாலும் தலைமையாசிரியர் அறையில் பூட்டிய பீரோவில் இருக்கும். தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம் புரிகிறது. இருப்புப் பதிவேடு, தணிக்கை எல்லாம் இருக்கின்றன. ஆனால் பிள்ளையின் கண்ணில் படாத புத்தகத்தைப் பிள்ளை கேட்காது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.அரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் முதல் விதியே நூல்கள் பயன்பாட்டுக்கானவை என்பதுதான். இரண்டாம் விதி ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். மூன்றாம் விதி ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். அந்த மூன்றாம் விதியை நினைத்துத்தான் நான் புத்தகங்களை அடுக்குவேன். வகுப்பறையில் குறுக்காக ஒரு கயிறு கட்டி, முன்னட்டை தெரியும்படி தொங்கவிடுங்கள். முதுகு மட்டும் தெரிய அடுக்கிய புத்தகத்தைவிட அட்டை தெரிகிற புத்தகம்தான் கைக்குக் கை போகிறது. நான்கு நிலைகளையும் கலந்து தொங்கவிடுங்கள். நிலை வாரியாகப் பிரித்தால் பிள்ளைகளையும் பிரித்ததாக ஆகிவிடும்.

புத்தகம் போதவில்லை என்றால் இணையத்தில் பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. 2015இல் தொடங்கியது. தமிழ்க் கதைகளைக் கட்டணமில்லாமல் பதிவிறக்கலாம், அச்சிட்டுக்கொள்ளவும் அனுமதி உண்டு. நிலைகளும் குறித்திருப்பார்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் அறிவியல், விலங்குகள், வாழ்க்கை வரலாறு பற்றியவற்றை எடுங்கள். இந்த வயதுப் பையன்கள் பலர் கதையைவிடத் தகவலை விரும்புவதை நூலகத்தில் நாள்தோறும் பார்க்கிறேன்.

பொது நூலகத்தையும் பயன்படுத்துங்கள். இந்தியாவுக்கு வழிகாட்டியாக 1948இலேயே நம் மாநிலத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் உங்கள் ஊர் மக்கள் கட்டுகிறார்கள். பக்கத்துக் கிளை நூலகருக்கோ ஊர்ப்புற நூலகருக்கோ ஒரு கடிதம் எழுதி, வகுப்பு முழுவதையும் உறுப்பினராகச் சேருங்கள். பிள்ளையின் பெயரில் உறுப்பினர் அட்டை இருப்பது சின்ன விஷயமாகத் தோன்றும். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருகிற பையன்களை நான் அறிவேன். நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்டது. அங்கே சிறுவர்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. உசிலம்பட்டியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுலாவாகக் கூட்டி வாருங்கள், ஆனால் வரிசையில் நிறுத்திச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். உட்கார்ந்து வாசிக்க நேரம் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்: உசிலைத் தமிழாசிரியை

எல்லோருக்கும் மிக்க நன்றி. திருமங்கலம் ஐயா சொன்னபடி விழா நோட்டீஸ் கொண்டுவரச் சொன்னேன். அவன் பாலமேடு நோட்டீஸ் ஒன்றைக் கொண்டுவந்து, காப்பாளர், தலைவர், பொருளாளர் என்று அத்தனை பெயரையும் வாசித்தான். சில இடங்களில் தடுக்கினான், ஆனால் வெளியே ஓடவில்லை. ‘மாண்புமிகு’ என்ற சொல்லில் நின்று, இதை எப்படி வாசிப்பது என்று அவனே என்னிடம் கேட்டான்.

இரண்டாம் வகுப்புக்கு வாசித்துக் காட்டும் முறையைத் தலைமையாசிரியரிடம் பேசியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைக்கு ஒப்புக்கொண்டார். மேலூர் சாரிடம் இன்னும் சில கேட்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் முன்னால் பெரியவன் தவறாக வாசித்தால் திருத்தலாமா? எங்கள் பகுதியில் ழகரம் பலருக்கும் ளகரமாகத்தான் வரும், அதை எந்த அளவுக்குக் கண்டுகொள்வது? நன்றாக வாசிக்கிற அந்தப் பெண்களுக்கு ‘நுழை’ புத்தகம் சலித்துவிடாதா? நோட்டை நிறுத்திவிட்டால் வாசித்தார்களா இல்லையா என்பதை எப்படி அறிவது? பார்வைக்கு வருகிற அலுவலர் ஏதாவது பதிவு கேட்பார் அல்லவா?

பதில் 5: மேலூர் அறிவியல் ஆசிரியர்

டீச்சர், ‘மாண்புமிகு’வை அவனே கேட்டான் என்று படித்ததும் மிகவும் மகிழ்ந்தேன். தெரியாததைக் கேட்கத் தொடங்கிவிட்டான் என்றால் பாதி வேலை முடிந்தது.

சின்னவர்கள் முன்னால் ஒருபோதும் திருத்தாதீர்கள். திருத்தம் எல்லாம் ஒத்திகையில்தான். ஒத்திகையிலும் ஒவ்வொரு தவறுக்கும் நிறுத்தாதீர்கள். பொருள் மாறிப்போகிற இடத்தில் மட்டும், வாக்கியம் முடிந்த பிறகு, ‘இங்கே என்ன நடந்தது, மறுபடி பார்’ என்று கேளுங்கள். நீண்ட சொற்களைக் கதையிலிருந்து முன்கூட்டியே எடுத்துப் பலகையில் எழுதி, ‘வந்து – கொண்டு – இருந்த – போது – எல்லாம்’ என்று பிரித்துக் காட்டுங்கள். பிறகு சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். நாங்கள் சுண்ணக்கட்டியால் கீழே வளைகோடு போட்டுப் பிரிப்போம். பிள்ளைகள் தங்கள் புத்தகத்தில் பென்சிலால் அப்படிப் போட்டுக்கொள்ள அனுமதியுங்கள். அழித்துவிடலாம். ழகரத்தை இந்த வேலையில் விட்டுவிடுங்கள். பொருள் புரிந்து வாசிக்கிறானா என்பதுதான் இப்போது வேண்டியது. உச்சரிப்புக்குச் செய்யுள் பாடவேளை இருக்கிறது.

நன்றாக வாசிக்கிற பெண்களுக்கு வேறு வேலை கொடுங்கள். எங்கள் பள்ளியில் அவர்கள் சின்ன வகுப்புக்காகக் கதை எழுதுகிறார்கள். பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதி, படம் வரைந்து, நடுவில் தைத்துப் புத்தகமாக்குகிறார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எழுதுவது லேசான வேலை இல்லை. நீளமான வாக்கியத்தை அவர்களே வெட்டிக் குறைக்கிறார்கள். இதற்குப் பல கதைகளைப் படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவர்கள் வயதுக்குரிய பெரிய புத்தகத்தையும் விடாதீர்கள். நூலகப் பாடவேளையின் முதல் பத்து நிமிடம் நீங்களே ஒரு நாவலிலிருந்து தொடர்ந்து வாசித்துக் காட்டுங்கள். ஆசிரியர் வாசிக்கக் கேட்பது சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் உரியது என்று விட்டுவிடுகிறோம். எட்டாம் வகுப்பும் ஆசையாகக் கேட்கும். சரளமாக வாசிக்க வராத பையனுக்கும் நல்ல கதை காது வழியாகப் போய்ச் சேரும். பரபரப்பான இடத்தில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தை வகுப்பிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். யாராவது எடுத்து மீதியைப் படிப்பார்கள்.

பதிவுக்கு ஒரே ஒரு ஏடு போதும். யார், எந்தப் புத்தகம், எடுத்த தேதி, கொடுத்த தேதி. அதை வாரம் ஒரு மாணவர் எழுதட்டும். பிள்ளை வாசித்ததா என்பது பேச்சில் தெரிந்துவிடும். பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தில் இரண்டு பேரை மட்டும், புத்தகத்தில் எந்த இடத்தில் இருக்கிறாய், அடுத்து என்ன ஆகும் என்று நினைக்கிறாய் என்று கேளுங்கள். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் திருப்பிக் கொடுக்கவும் உரிமை வேண்டும். ‘ஏன் பிடிக்கவில்லை’ என்று ஒரு வரி சொன்னால் போதும்.

திருமங்கலம் ஐயா சொன்ன பரிசை நான் ஏற்றுக்கொள்கிறேன். முன்கூட்டியே அறிவிக்காமல், ஆண்டுக் கடைசியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு புத்தகம் கொடுக்க முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. சின்னவர்கள் கைக்குப் போனால் புத்தகம் கிழியும். பசை, வெள்ளைத் தாள், தடித்த நூல், ஊசி இவற்றை ஒரு டப்பாவில் போட்டு வகுப்பிலேயே வையுங்கள். கிழிந்ததை ஒட்டுகிற பொறுப்பை உங்கள் மாட்டுக்காரப் பையனிடம் கொடுங்கள். ஒட்டுவதற்குப் பக்க எண்ணைப் பார்க்க வேண்டும், விட்டுப்போன வரி எங்கே சேர்கிறது என்று வாசித்துப் பார்க்க வேண்டும்.